அடி காலியான செம்பருத்தி வேலியைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கோயம்புத்தூரில் வீடு. தெற்கே சாலை. சாலையை ஒட்டி, கிழக்கு மேற்காக 40 அடிக்குச் செம்பருத்தி வேலி. நட்டு 12 வருடம். மாதம் ஒருமுறை ஆள் வந்து தலையை மட்டமாக வெட்டிவிட்டுப் போகிறார். ஐந்தரை அடி உயரத்தில் மேலே பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. சாலைப் பக்கம் 2 அடிக்கு மேல் ஏதோ இலை இருக்கிறது. வீட்டுப் பக்கம் இடுப்பளவுக்கு வெறும் குச்சி. நாய் நுழைகிறது. மேற்குக் கோடியில், வேப்பமரத்தடியில் 3 செடி பட்டுப்போயிற்று. டிஏபியும் யூரியாவும் போட்டுப் பார்த்தாயிற்று. பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது நட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பிடுங்காதீர்கள். 12 வருடச் செம்பருத்தி கிழடு ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் இறங்கிய வேர் இருக்கிறது. அந்த வேரோடு அது ஒரு வருடத்தில் போடுகிற தழையைப் புதுக் கன்று அதே இடத்தில் போட பல வருடம் ஆகும். உங்கள் செடிக்குச் சத்துக் குறைவு இல்லை, அடிக்கு வெளிச்சம் இல்லை. கீழே நான் சொல்லப்போகிற வேலையெல்லாம் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தைக் கீழே இறக்குகிற வேலைதான். உரப் பேச்சு பின்னால் வரும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேலிக்குள் தலையை விட்டு மேலே பாருங்கள். இலை இருப்பது மேல் அரை அடியில் மட்டும் என்று தெரியும். அதற்குக் கீழே காய்ந்த சிம்புகள், ஒட்டடை, எங்கிருந்தோ பறந்து வந்து மாட்டிய பால் கவர். குச்சியின் நுனியைத் தொட்டுப் பாருங்கள்: மாதாமாதம் ஒரே உயரத்தில் வெட்டி வெட்டி, கை முஷ்டி மாதிரி முண்டு கட்டியிருக்கும். அந்த முண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தாறு சிம்பு வெடித்து, ஒன்றோடொன்று பின்னி, கூரை போட்டிருக்கிறது. அந்தக் கூரையின் நிழலில்தான் உங்கள் வேலி உள்ளே மொட்டையாகிறது. வெயில் படாத இலையைச் செடி வைத்துக்கொள்ளாது, உதிர்த்துவிடும்.

கிளை நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உண்டாகிறது. அது தண்டு வழியாகக் கீழே இறங்கி, கணுக்களில் இருக்கிற மொட்டுகளைத் தூங்க வைக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை போய், வெட்டுக்கு அடுத்துக் கீழே இருக்கிற இரண்டு மூன்று கணு விழித்துக்கொள்ளும். எங்கே வெட்டுகிறோமோ அதற்குப் பக்கத்தில்தான் விழிக்கும். 4 அடி கீழே இருக்கிற கணுவுக்குச் சேதி போகாது. ஐந்தரை அடியில் வெட்டினால் ஐந்தரை அடியில்தான் தழையும். ஆக, வேலி அடர்த்தியாகட்டும் என்று மாதாமாதம் செய்த வேலையே கூரையை அடர்த்தியாக்கி அடியைக் காலி செய்தது. வெட்டுகிற ஆளைக் கோபிக்காதீர்கள். “மட்டமா வெட்டுப்பா” என்று நாம்தான் சொல்லியிருப்போம்.

வீட்டுப் பக்கம் ஏன் அதிகமாகக் காலியானது? கோவை 11 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மட்டும்தான் உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மீதி எட்டு மாதம் தெற்கே. கிழக்கு மேற்காக ஓடுகிற வேலிக்கு வடக்கு முகம் என்பது வருடத்தில் பெரும்பகுதி நிழல் முகம். இதை நினைவில் வையுங்கள், வெட்டுகிற நாளை இதை வைத்துத்தான் குறிக்கப்போகிறோம்.

டிஏபி ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஏபியில் அதிகம் இருப்பது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். செம்பருத்திக்கு அது அதிகம் தேவையில்லை. மண்ணில் அது கூடினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைப்பது குறைகிறது. கோவையில் பல இடத்தில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் இருக்கிறது, அங்கே ஏற்கெனவே இரும்பு மண்ணிலேயே கட்டுப்பட்டுக் கிடக்கும். மேல் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புப் பற்றாக்குறை. கீழ் இலை, முதிர்ந்த இலை மொத்தமாக மஞ்சளாகி விழுந்தால் தழைச்சத்துக் குறைவாகவோ தண்ணீர்க் கோளாறாகவோ இருக்கும். யூரியாவோ, இளசான நீர்த்த தண்டைத் தள்ளும். மாவுப்பூச்சிக்கு அது விருந்து. இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு செடியிலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சையாக இருந்தால் அந்தத் தண்டு பிழைக்கும். பழுப்பாக, காய்ந்த துணி மாதிரி இருந்தால் அதே தண்டில் இன்னும் கீழே சுரண்டுங்கள். தரைமட்டம் வரை பச்சை இல்லையென்றால் அது போயிற்று. ஒரு செடியில் 5 தண்டில் 2 பச்சையாக இருந்தாலே போதும். உயிருள்ள தண்டில் ஒரு சாக்குக் கயிற்றைக் கட்டி வையுங்கள், வெட்டுகிற அன்றைக்குக் குழப்பம் வராது.

இப்போது வைகாசி பிறந்திருக்கிறது. கத்திரி வெயில் முடியாமல் கத்திரியை எடுக்காதீர்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, நினைவிருக்கும். மறுவருடம் சித்திரையில் என் வீட்டு வேலியை, கோடை விடுமுறையில் கை சும்மா இருந்ததால், ஒரே நாளில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். 12 வருடமாக நிழலிலேயே இருந்த பட்டை மேல் திடீரென்று 39 டிகிரி வெயில். தெற்கு, மேற்குப் பக்கப் பட்டை வெந்து வெடித்து உரிந்தது. நான் பயந்துபோய் தினமும் தண்ணீர் விட்டேன். இலையே இல்லாத செடி அந்தத் தண்ணீரைக் குடிக்காது, வேர் அழுகியது. 22 செடியில் 7 போயிற்று. வேலியை விட அம்மாவின் முகம்தான் பார்க்க முடியாமல் இருந்தது, காலைப் பூசைக்கு ஒரு பூ இல்லை.

உங்களுக்கு நான் சொல்கிற நாள் ஆனி முதல் வாரம், அதாவது ஜூன் நடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து மேகம் போட்டு வெயிலின் காரம் குறைந்திருக்கும். சூரியன் அப்போது தலைக்கு வடக்கே நன்றாகத் தள்ளி நிற்கும், ஆகவே வீட்டுப் பக்கத்தை அப்போது வெட்டினால் உள்ளே நேரடி வெயில் விழும். சாலைப் பக்கத்தைப் புரட்டாசியில் வெட்டுவோம்; அதற்குள் சூரியன் தெற்கே இறங்கியிருக்கும், ஐப்பசி மழையும் பின்னாலேயே வரும். சென்னைப் பக்கத்து வாசகர்கள் ஜூனில் இதைச் செய்யாதீர்கள், அங்கே அப்போதும் கோடைதான். ஆவணிக் கடைசியில் ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை இந்த ஒரு மாதத்தில் செய்ய வேலை இருக்கிறது. வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளை எடுத்து, அடியிலிருந்து 10, 12 அடிக்கு வெளிச்சம் நுழைகிற மாதிரி செய்யுங்கள். வேலி மேல் ஏறியிருக்கிற கோவைக்கொடி, முசுமுசுக்கை எல்லாவற்றையும் வேரோடு இழுத்துவிடுங்கள். முசுமுசுக்கையைத் தூக்கிப் போடாமல் தோசைமாவில் அரைத்துக்கொள்ளலாம், சளிக்கு நல்லது என்பார்கள். ஆனால் வேலிக்கு அது நல்லதில்லை. 4 நாளைக்கு ஒருமுறை, ஒரு முழம் ஆழம் வரை ஈரம் போகிற மாதிரித் தண்ணீர் கட்டுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதில் பயன் கிடையாது.

பிறகு எறும்பு. தண்டில் எறும்பு மேலும் கீழும் வரிசையாக ஓடினால், கணு இடுக்கிலும் கொழுந்துச் சுருக்கிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அது சுரக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. பூச்சி உட்கார்ந்த கொழுந்து சுருண்டு முடிச்சு விழுந்து நின்றுவிடும். வேலியில் மாவுப்பூச்சி இருக்கும்போது வெட்டினால், வருகிற புதுத் துளிர் முழுவதும் அதற்குத்தான். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். மறுநாள் மாலை, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று தடவை.

அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில், அதைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் நீளமாகத் தொங்க, சுறுசுறுப்பாக நடக்கிற ஒன்று இருந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி வேஷத்தில் வந்து மாவுப்பூச்சியையே தின்னும். 1898இல் காப்பித் தோட்டப் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. “பெரிய மாவுப்பூச்சி” என்று நினைத்து இதை நசுக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் புழு கண்ணில் பட்டால் அந்தக் கிளையில் எண்ணெய் அடிக்காமல் விடுங்கள், எறும்பை மட்டும் தடுங்கள்.

கோவைக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 2008இல் நம் ஊரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு செம்பருத்தியையும் சேர்த்து அழித்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவியைத் தருவித்து, பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். அதன் பிறகுதான் அடங்கியது. கடும் பூச்சி மருந்தை வேலியில் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தக் குளவியும் இந்த வண்டும்தான். அவை செத்தால் மாவுப்பூச்சிதான் முதலில் திரும்பி வரும்.

இனி வெட்டு. மட்டம் பார்க்கிற பெரிய வேலிக் கத்திரியை உள்ளே வையுங்கள், இந்த வேலைக்கு அது வேண்டாம். கைக்கத்திரி ஒன்று, கட்டை விரலை விடத் தடித்த தண்டுக்குக் கைரம்பம் ஒன்று. அரிவாள் வேண்டவே வேண்டாம், தண்டைப் பிளந்துவிடும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு செடியிலும் முதல் வேலை, காய்ந்ததை எல்லாம் அடியோடு எடுப்பது. இதிலேயே பாதி வெளிச்சம் உள்ளே வந்துவிடும். இரண்டாவது, உயிருள்ள தண்டுகளில் ஆகப் பழையது, ஆகத் தடித்தது ஒன்றைத் தேர்ந்து, தரையிலிருந்து ஒரு அடிக்குள் ரம்பத்தால் அறுங்கள். ஒரு செடிக்கு ஒன்று போதும், தண்டு 6க்கு மேல் இருந்தால் இரண்டு. மனசு வராது, ஆனால் அடியில் புதுத் தண்டு கிளம்புவது இந்த வெட்டிலிருந்துதான். மூன்றாவது, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்த கிளைகளை எல்லாம் தண்டிலிருந்து 4 முதல் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள். மேல் கூரையின் வீட்டுப் பக்கப் பாதியை 3 அடிக்கு இறக்குங்கள், அந்த முண்டுகள் வெட்டுக்கு மேலே போய்விட வேண்டும். சாலைப் பக்கப் பாதியைத் தொடாதீர்கள். வேலை முடிந்து பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேலி தாழ்வாரக் கூரை மாதிரி வீட்டுப் பக்கம் சரிந்து நிற்க வேண்டும். சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, லேசாகச் சாய்வாக. ரொம்ப மேலே விட்டால் அந்தக் கட்டை காய்ந்து, அந்தக் காய்வு தண்டில் கீழே இறங்கும். எந்தக் கணு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் கிளை வரும். ஆகவே வேலியின் காலியிடத்தைப் பார்க்கிற கணுவுக்கு மேலே வெட்டுங்கள். முதல் 2 செடிக்கு நேரம் பிடிக்கும், பிறகு கை தானாகப் போகும்.

கட்டை விரலை விடத் தடித்த வெட்டுகளுக்கு மட்டும் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியிலோ மண் சட்டியிலோதான். இரும்பு, தகரம் ஆகாது. கலந்ததும் ஒரு பழைய இரும்பு பிளேடை முக்கி எடுங்கள். அதன் மேல் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தடவி முடித்துவிடுங்கள்.

வெட்டிய அடுத்த நாளிலிருந்து தண்ணீரைக் குறையுங்கள். நான் செய்த தப்பு இதுதான், அதனால் திரும்பவும் சொல்கிறேன்: இலை பாதி போன செடிக்குத் தண்ணீரும் பாதி போதும். மண்ணில் விரல் விட்டு, இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள்.

இரண்டு வாரம் வரை ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் காலை, சாம்பல் நிறப் பட்டையில் கடுகு அளவுக்குச் செம்பழுப்பாகப் புள்ளிகள் தெரியும். கணுவில் மட்டும் இல்லை, வருடக்கணக்காக வழவழவென்று இருந்த பழைய தண்டின் நடுவிலும் வெடிக்கும். நாலைந்து நாளில் அது அரிசி, பிறகு காது விரித்த குட்டி இலை. துளிர் 2 அங்குலம் வந்த பிறகுதான் உரம். வேலிக்கு இரண்டு பக்கமும் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி மண்ணை லேசாகக் கொத்தி, 3 அடிக்கு ஒரு சட்டி நன்றாக மக்கிய எரு, செடிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. அதன் மேல் சருகு மூடாக்கு 3 அங்குலம், தண்டைத் தொடாமல். கொழுந்து வெளிறினால் 1 லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். சுக்கான் மண்ணில் அன்னபேதியை வேரில் போட்டால் வீண்.

துளிர் 6 அங்குலம் நீண்டதும் பலர் ஆனந்தப்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட்டால் அது ஒற்றைக் குச்சியாக மேலே ஓடி, பழைய கதைதான். நுனியில் இரண்டு இலையைக் கிள்ளிவிடுங்கள். ஒன்று இரண்டோ மூன்றோ ஆகும். அவை 6 அங்குலம் வந்ததும் திரும்பவும் கிள்ளுங்கள். கத்திரி வேண்டாம், விரல் நகம் போதும். சாயங்காலம் காற்று வாங்கிக்கொண்டே செய்கிற வேலை. அடர்த்தி என்பது இந்தக் கிள்ளலில்தான் இருக்கிறது. முதல் வருடத்தில் மூன்று முறை கிள்ளினால் ஒரு துளிர் இருக்கிற இடத்தில் எட்டுப் பத்துக் கிளை நிற்கும்.

புரட்டாசி வந்ததும் வீட்டுப் பக்கத்தைப் பாருங்கள். புதுத் தழை ஒரு அடியாவது வந்திருந்தால் சாலைப் பக்கத்தையும் அதே முறையில் இறக்குங்கள். வரவில்லையென்றால் பொறுத்துத் தையில் செய்யலாம். கனமழை பெய்கிற வாரத்தில் மட்டும் தடித்த தண்டை அறுக்காதீர்கள், வெட்டு வாய் அழுகும்.

பட்டுப்போன 3 இடத்துக்கு வருவோம். நர்சரியில் ஒரு கன்று வாங்கி வந்து பழைய குழியில் வைத்தால் அது தேறாது. இரண்டு பக்கத்திலும் இருக்கிற பெரிய செடிகளின் வேரும் வேம்பின் வேரும் அந்தக் குழியை ஏற்கெனவே பங்கு போட்டிருக்கும். தவிர, நர்சரியில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பெரிய பூ வைக்கிற கலப்பின வகைகள். பார்க்க அழகு, வேலிக்குப் பலம் போதாது. உங்கள் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியோடு அவை ஒரு வேகத்தில் வளரவும் வளராது.

ஆனியில் வெட்டிப் போடுகிற கிளைகளிலேயே போத்து, அதாவது ஊன்றி வேர்பிடிக்க வைக்கிற குச்சி, இருக்கிறது. பென்சில் தடிமன், 8 அங்குல நீளம், மேலே இரண்டு இலை, அதையும் பாதியாக நறுக்கி, கீழ் இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரிப் பைகளில் நடுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு சமபங்கு. நிழலில் வையுங்கள். 6 முதல் 8 வாரத்தில் வேர் பிடிக்கும். பாதி போனாலும் போகட்டும் என்று 15 வையுங்கள். ஐப்பசியில் நடுவதற்குத் தயாராக நாலு மாதக் கன்று கையில் இருக்கும். எங்கள் கொங்கு நாட்டில், காங்கேயம் பக்கக் கொறங்காடுகளை (மேய்ச்சல் நிலங்களை)ச் சுற்றி இருக்கிற கிளுவை வேலியும் இப்படிப் போத்து ஊன்றி வந்ததுதான். தலைமுறைகளாக நிற்கிற வேலிகள் அவை. ஓட்டை விழுந்தால் அதே வேலியில் ஒரு கொம்பை வெட்டி மழைக்கு முன் ஊன்றிவிடுவார்கள்.

குழியை மட்டும் சின்னதாக எடுக்காதீர்கள். ஒன்றரை அடி நீள அகல ஆழம், பழைய மண்ணை அப்புறப்படுத்திப் புது மண் நிரப்புங்கள். பிரிட்டிஷ் காலத்தில் வட இந்தியாவில் உப்பு கடத்தலைத் தடுக்க நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு முள்வேலி வளர்த்தார்கள். பின்னாளில் காங்கிரஸ் தோன்றக் காரணமாக இருந்த ஏ.ஓ. ஹியூம்தான் 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்கத் துறை ஆணையர். செடி பிடிக்காத இடங்களில் அவர்களும் பள்ளம் தோண்டி நல்ல மண் கொண்டுவந்து கொட்டித்தான் வேலியைத் தொடர்ந்தார்கள். வேலிக்குள் எலி சேர்ந்தது என்று பூனைகளைக் கொண்டுவந்து விட்டதாகவும் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், 3 குழிதான்.

இடைவெளி 2 அடிக்கு உட்பட்டது என்றால் குழியே வேண்டாம், பதியம் போடலாம். பக்கத்துச் செடியின் அடியில் வந்த நீளமான புதுக் கிளையை வளைத்து, மண்ணைத் தொடுகிற இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே கத்தியால் சாய்வாகக் கீறி, 3 அங்குலம் மண் மூடி, மேலே ஒரு செங்கல் வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்திருக்க வேண்டும். தாய்ச்செடியின் வேரே அதற்குச் சோறு போடுவதால் போட்டி என்ற பேச்சே இல்லை. 3 மாதம் கழித்துத் தாயிடமிருந்து வெட்டிவிடலாம், விடாமலும் இருக்கலாம்.

வேம்புக்கு நேர் அடியில் இருக்கிற இடத்தில் செம்பருத்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே ஆடாதொடைப் போத்து ஊன்றுங்கள். அரை நிழலில் நன்றாக வரும், ஆள் உயரம் போகும், ஆடும் தொடாது. இலையின் சாயல் வேறாக இருக்கும்தான், 6 அடி தூரத்துக்கு அது கண்ணை உறுத்தாது.

வேலி நிரம்பிய பிறகு வெட்டுகிற முறையை மாற்றாவிட்டால் நாலு வருடத்தில் திரும்ப இதே கேள்வியோடு வருவீர்கள். அடி அகலம் 3 அடி, தலை அகலம் 2 அடி. சுவர் மாதிரி நேராக வேண்டாம், தலை பெருத்துக் குடையாக வேண்டவே வேண்டாம். தலை ஒடுங்கியிருந்தால்தான் அடியிலைக்கு வெயில். வெட்டுகிற ஆளுக்கு இதை வாயால் சொல்லிப் பயனில்லை. இரண்டு கோடியிலும் சாய்வாகக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் காட்டுங்கள். மாதம் ஒருமுறை என்பதை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் போன தடவை வெட்டிய இடத்தை விட அரை அங்குலம் மேலே வெட்டச் சொல்லுங்கள், முண்டு கட்டாது. வருடம் ஒருமுறை ஒவ்வொரு செடியிலும் ஆகப் பழைய தண்டு ஒன்றை அடியில் அறுத்துவிட்டால் வேலிக்கு வயதே ஏறாது.

பூ வேண்டும் என்றால் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். செம்பருத்தி புதுக் கிளையின் நுனிப் பக்கம்தான் பூக்கும். ஓயாமல் கத்தரிக்கிற வேலியில் பூ குறைவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் வாசல் ஓரத்து 2 செடியைக் கத்திரியிலிருந்து விலக்கு கொடுத்து அம்மாவுக்கென்று விட்டிருக்கிறோம்.

இதையே வேறு செடியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: மருதாணி, டுராண்டா, காகிதப்பூ, அரளி எல்லாம் பழைய தண்டிலிருந்து துளிர்க்கும், தாராளமாக இறக்கலாம். அரளியை வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெட்டியதை ஆடு மாடு தின்னாத இடத்தில் போடுங்கள், எரிக்காதீர்கள். அதன் புகையும் விஷம். இட்லிப்பூ துளிர்க்கும், ஆனால் மெதுவாக. துஜா, சவுக்கு வேலிகளை இலை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் திரும்பி வராது. அவற்றைப் பச்சை இருக்கிற இடம் வரை மட்டும் தொடலாம்.

கடைசியாக நாய். வேலி அடியில் நிரம்ப அடுத்த வருடம் ஆனி ஆகிவிடும். அதுவரை பச்சை நிழல்வலையோ தகரமோ கட்டி மறைக்கலாம் என்று தோன்றும், கட்டாதீர்கள்; அடிக்குப் போகிற வெயிலைத் திரும்ப நீங்களே மறைப்பீர்கள். சாலைப் பக்கம் 2 அடி உயரத்துக்குக் கோழிவலையைக் குச்சி நட்டு இழுத்துக் கட்டுங்கள், தண்டிலிருந்து அரை அடி தள்ளி. வெயில் நுழையும், நாய் நுழையாது. துளிர் வலைக் கண் வழியாக வெளியே வந்து ஒரு வருடத்தில் வலையை மூடிவிடும். பிறகு அதை எடுக்க வேண்டிய வேலையும் இல்லை.